பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள டீச்சர்,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இளவயதில் சபையின் பாடகர் குழுவில் பாடியவன். மனைவி இறந்துபோய் எட்டு மாதமாகிறது. இப்போதும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், ஆனால் வாயில் பாட்டு வருவதில்லை. இன்னும் தேறாமல் இருப்பது விசுவாசக் குறைவு என்கிறார்கள். அன்றிருந்த ஆறுதல் எங்கே போனது? வெறும் பழக்கத்துக்குப் போய் வருவது தேவனை ஏமாற்றுவது ஆகாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விசுவாசக் குறைவு என்றவர்களை, வேதத்தில் துன்பத்தில் கிடந்த யோபுவையே குற்றம் சொன்ன அவருடைய நண்பர்களோடு சேர்த்துவிடுங்கள். அந்த நண்பர்களாவது ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. நம்மவர்கள் வாசற்படியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இருபது வயதில் கிடைத்த ஆறுதலை இப்போது தேடினால் கிடைக்காது. அது அந்த வயதுக்கானது. “முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்” என்று வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் 71ஆம் சங்கீதத்தில் ஒரு வரி வருகிறதே, பாடகர் குழுவில் இருந்த காலத்தில் அது உங்கள் கண்ணில் பட்டிருக்குமா?

அப்புறம் 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். புலம்புகிற சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று அப்படியே நின்றுவிடும். இத்தனைக்கும் இராகத் தலைவனிடம் ஒப்புவித்த பாட்டு என்று தலைப்பிலேயே இருக்கிறது. பாடகர்கள் சபையில் பாடுவதற்கென்றே கொடுத்தது, தம்பி. உங்கள் வாயடைப்புக்கும் அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது.

பழக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நம் தோட்டங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிற மாதங்களும், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பால் குறையும், சம்பளம் குறையும், கடைக்காரரின் கணக்கு நோட்டு தடிக்கும். உபவாசம் இருக்கச் சொல்லி போதகர் தனியாகக் கேட்க வேண்டியதில்லை! அந்த வாரங்களில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் நடந்த ஜெபக்கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போன பெண்கள் பாட்டின் நடுவிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவள் இடித்து எழுப்பமாட்டாள். சாய்ந்த தலைக்குத் தோளைக் கொடுத்துவிட்டு, தன் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடுவாள். அந்தத் தூக்கத்தை ஏமாற்று என்று யார் சொன்னார்கள்? வந்து உட்கார்ந்ததே பெரிதாக இருந்தது. உங்களுக்கும் இப்போது அது போதும்.

இன்னொன்று. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே “போதும் கர்த்தாவே” என்று சாகக் கேட்டுப் படுத்தபோது, வந்த தூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டு மறுபடி படுத்துவிட்டார். கோபிக்காமல் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். அடுத்த ஞாயிறு பின் பெஞ்சில், நல்ல சத்தமாகப் பாடுகிற ஒரு பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் பாட வேண்டாம். ஆராதனை முடிந்ததும் காரை நோக்கி ஓடாமல் நில்லுங்கள். யாராவது வீட்டுக்குப் பசியாறக் கூப்பிட்டால், பரவாயில்லை என்று மழுப்பாமல் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
டீச்சர்