நாலு ராத்தல்

அன்புள்ள டீச்சர்,

நான் பண்டாரவளைப் பக்கம் படிப்பிக்கிறேன். எங்கள் பாடசாலை விவாத அணிக்குக் கிடைத்த தலைப்பு: ‘உலக விவகாரங்களில் பாப்பரசருக்கு அறநெறி அதிகாரம் உண்டு.’ நாங்கள் எதிர்த்துப் பேச வேண்டும். என் எண்ணமும் அதுதான். அடிமை பிடிக்க அனுமதி எழுதிக் கொடுத்தவர்கள், ஹிட்லர் காலத்தில் வாய் திறக்காதவர்கள், வத்திக்கான் வங்கி ஊழல் என்று எவ்வளவோ இருக்கிறது. உக்ரைனிலும் காசாவிலும் போரை நிறுத்தச் சொன்னார்கள், யார் கேட்டார்கள்? படையும் இல்லை, இருப்பது 44 ஹெக்டேர் நிலம். அப்படி ஒருவருடைய பேச்சுக்கு என்ன பெறுமதி? பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று வலுவான வாதங்கள் தருவீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்களே, அதற்கு முதலில் என் அன்பு. 2025 மே மாதம் புதிய பாப்பரசர் லியோ என்ற பெயரை எடுத்த நாளிலிருந்து ஒரு விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

அடிமை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1452இல் ஐந்தாம் நிக்கொலஸ் போர்த்துக்கல் அரசனுக்கு எழுதிக் கொடுத்தது வெட்கக்கேடான கடிதம். கிறிஸ்தவர் அல்லாதவர்களைப் பிடித்து நிரந்தர அடிமையாக்கலாம் என்று அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட கடிதங்களை வைத்துப் பிறர் நிலத்தைப் பிடித்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ ஏற்கவில்லை என்று வத்திக்கான் வெளிப்படையாகச் சொன்னது 2023 மார்ச்சில்தான். ஹிட்லர் காலத்துப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் யூதர்களுக்காகப் போதிய அளவு பேசவில்லை என்ற குற்றச்சாட்டை நானும் நம்புகிறேன். வங்கி விஷயத்தை விடுங்கள், அதைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

அப்புறம், எதிரணி ஆர்ஜென்டினாவையும் சிலியையும் கட்டாயம் இழுக்கும். 1978இல் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காக இரண்டு நாடும் போருக்குக் கிளம்பிவிட்டன. இரண்டாம் யோவான் பவுல் ஒரு கர்தினாலை அனுப்பிப் பேச வைத்தார். 1984இல் ஒப்பந்தம் ஆனது. இரண்டுமே கத்தோலிக்க நாடுகள் என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

ஆனால் படை இல்லாதவர் பேச்சுக்கு என்ன பெறுமதி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் சும்மா விடமாட்டேன். தம்பி, இதை எழுதும்போது எந்த ஊரில் உட்கார்ந்திருந்தீர்கள்? 1948இல் ஒரு சட்டத்தால் மலையகத் தமிழர்களான நம்மைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக ஆக்கினார்கள். 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படையும் நிலமும் இருக்கிறவன் பேச்சுக்குத்தான் பெறுமதி என்றால், இருநூறு வருடமாக இந்த மலையில் நம் ஆட்கள் பேசியது எதற்குமே பெறுமதி இல்லை என்று ஆகிவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நின்று இதைச் சொல்லிக்கொடுப்பீர்களா? வேறு எந்த வாதத்தை வேண்டுமானாலும் எடுங்கள், இது வேண்டாம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய பாப்பரசர் தன் பெயருக்குக் காரணமாகச் சொன்னது பதின்மூன்றாம் லியோவை. அவர் 1891இல் தொழிலாளர்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் (பாப்பரசர் திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதம்) எழுதினார், ‘ரேரும் நோவாரும்’ என்று பெயர். தொழிலாளி சங்கம் சேர்வது அவனுடைய இயல்பான உரிமை, அவன் சிக்கனமாக வாழ்வதற்காவது கூலி போதுமாக இருக்க வேண்டும், உழைத்தவனுடைய கூலியைப் பிடித்துக்கொள்வது வானத்தை நோக்கிக் கத்துகிற பாவம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டே வருடம் கழித்து, 1893இல், அதே லியோ ஒரு குருமடத்தை நிறுவினார். எங்கே தெரியுமா? கண்டி அம்பிட்டியவில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களை உருவாக்குவதற்கான பாப்பிறைக் குருமடம் அது. 1955இல் பூனாவுக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது. கண்டியைச் சுற்றி அப்போதே தேயிலை, லயம் என்ற வரிசை வீடுகள், ஆட்களை மேய்க்கும் கங்காணி, தொழிலாளியின் கடனை எழுதிய துண்டுச் சீட்டு எல்லாம் இருந்தன. கூலியைப் பற்றி எழுதிய கை, கூலிகள் வாழ்ந்த மலைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டையும் கட்டியது. அங்கே என்ன படிப்பித்தார்கள் என்று குறை சொல்ல நான் வரவில்லை. அந்தச் சொல் எங்கள் மலைக்கு வந்து சேரவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதில் பின்னேரங்களில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். அம்மா இடுப்பில் நனைந்த படங்கோடு வரிசையில் நிற்பார். அப்போது ராத்தல் கணக்கு, ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கூடையைத் தராசில் மாட்டியதும் முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை தொகையைச் சொல்லிவிடுவார், அதிலும் கூடைக்கும் தண்ணீருக்கும் என்று நாலு ராத்தலைக் கழிப்பார். மழை இல்லாத நாளிலும் அதே நாலு. அம்மா ஒன்றும் பேசமாட்டார். லயத்துக்கு இறங்கும் வழியில்தான் “நாலு… நாலு…” என்று வாய்க்குள் முணுமுணுப்பார். சின்னப் பிள்ளை நான், அது செபமாலை என்று நினைத்திருந்தேன்.

மாதம் ஒருமுறை பூசைக்கு ஒரு சாமி, அதாவது கத்தோலிக்கக் குரு, வருவார். நல்ல மனிதர், எனக்குப் புதுநன்மை தந்தவர். பொறுமையைப் பற்றி அழகாகப் பிரசங்கம் வைப்பார். பூசை முடிந்ததும் துரை பங்களாவில் சாப்பாடு. மடுவத்துப் பக்கம் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

1991இல் அந்தச் சுற்றுமடலுக்கு நூறு வருடம். அப்போது நான் டீச்சர். வேறொரு இளம் சாமி அதன் ஆங்கிலப் பிரதியை எனக்குப் படிக்கத் தந்தார். அன்று ராத்திரி அம்மா குசினியில், அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கூலியைப் பிடிப்பது வானத்தை நோக்கிக் கத்தும் என்ற இடம் வந்ததும் சுண்ணாம்புக் கை நின்றுவிட்டது.

“இத எப்ப எழுதுனாரு?”

“நூறு வருசத்துக்கு முந்தி.”

“அப்ப எங்க அம்மாவே பொறக்கலையே.” கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் நம்ம சாமி சொல்லல?”

இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை, தம்பி. அம்மாவும் இப்போது இல்லை.

பாப்பரசர் சொன்னால் ஜனாதிபதிகள் கேட்கிறார்களா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவர்கள் யார் சொல்லித்தான் கேட்டார்கள்? அந்தச் சொல் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, அதைச் சுமந்து போனது யார், வழியில் பங்களாவில் இறக்கி வைத்தது யார் என்றுதான் நான் கேட்பேன். சுமந்தவர்களும் இருந்தார்கள். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற அமைப்பைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமைக்காக நின்றார். சுற்றுமடல் வந்து எண்பத்தொரு வருடம் கழித்து. பாப்பரசருக்கு அதிகாரம் இருந்தால் அது இப்படிப்பட்டவர்களின் காலில்தான் இருக்கிறது.

காசாவைப் பற்றிக் கேட்டீர்கள். முந்திய பாப்பரசர் பிரான்சிஸ் அங்கிருந்த சிறிய பங்குக் கோயிலுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் பேசினார், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். போர் நிற்கவில்லைதான். ஆனால் மடுவத்தில் நின்ற என் அம்மாவிடம் யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், இன்று எத்தனை ராத்தல் கழித்தார்கள் என்று கேட்டிருந்தால் அந்த முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

விவாதம் என்றைக்கு என்று எழுதவில்லையே. உங்கள் அணியில் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தால், இப்போது மடுவத்தில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்