ஏழு நாள் சி கையேடு: கேள்விகளும் என் பதில்களும்

ஏழே நாளில் சி என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுத்தருவதாக ஒரு பிடிஎஃப் நம் டெல்டா கல்லூரி மாணவர்களிடையே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ் நன்றாக இருக்கிறது, சி-தான் தகராறு. அதைப் படித்துக் குழம்பியவர்கள் கேட்டவை கீழே.

மன்னார்குடி மாணவி: அண்ணா, 5 மா எத்தனை ஏக்கர் என்று பார்க்க, கையேட்டில் உள்ளபடி "ஃப்ளோட் ஏக்கர் = 5 / 3" என்று எழுதினேன். 1.000000 வருகிறது. அப்பா ஒரு ஏக்கர் 66 சென்ட் சொச்சம் என்கிறார்.

அப்பா கணக்குதான் சரி. மூன்று மா ஒரு ஏக்கர். ஃப்ளோட்டில் (தசம எண் வைக்கும் வகை) வைத்தால் தசமம் தானாக வரும் என்று கையேடு சொல்வது தப்பு. 5, 3 இரண்டும் முழு எண்கள் என்பதால் வகுத்தல் முழு எண்ணாகவே நடக்கும். பின்னம் அங்கேயே வெட்டுப்பட்டு, மிச்சமிருக்கும் 1 மட்டும் ஃப்ளோட்டுக்குப் போகிறது. இடப்பக்கம் என்ன வகை என்பதைப் பார்த்து வலப்பக்கம் கணக்குப் போடாது. 5 / 3.0 என்று எழுதும்மா.

திருவாரூர்: 3 டிஎம்சியைக் கன அடியாக்க 100 கோடியால் பெருக்கினேன். மைனஸில் விடை வருகிறதே?

நல்ல கேள்வி. முழு எண் வைக்கும் வகைக்குப் பெயர் இன்ட். கையேடு "இன்ட் எப்போதும் 2 பைட்" என்கிறது. அது 16 பிட் (8 பிட் ஒரு பைட்) டர்போ சி காலத்துக் கதை. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் பழைய கம்பைலர் அது. சி தரநிலை கேட்பது குறைந்தது 16 பிட், அவ்வளவுதான். இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 4 பைட். அதில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647, அதாவது 214 கோடியே சொச்சம். 2 டிஎம்சி அடங்கும், 3 அடங்காது. மேட்டூர் 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டிஎம்சி. அதை இன்ட்டில் எங்கே தேக்குவது?

"லாங் என்ற பெரிய முழு எண் வகையைப் போடுங்கள்" என்பார்கள். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட்தான். எங்கும் குறைந்தது 8 பைட் உள்ள லாங் லாங் எடுங்கள். விடையை அதில் வைத்தால் மட்டும் போதாது, பெருக்கும் எண்களில் ஒன்றாவது லாங் லாங் ஆக இருக்க வேண்டும். மன்னார்குடிக்குச் சொன்ன அதே பொறிதான்.

நிரம்பினால் மைனஸுக்குத் திரும்பிவிடும் என்று பாடமும் பண்ணாதீர்கள். குறியுள்ள (மைனஸ் எண்ணும் வைக்கும்) இன்ட் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தரநிலை எந்த உத்தரவாதமும் தரவில்லை. உங்கள் கணினியில் ஓடிவிட்டது என்பதால் நிரல் சரி என்று ஆகாது.

பட்டுக்கோட்டை: கெட்ஸ் போட்டால் கம்பைலர் திட்டுகிறது.

திட்டட்டும். தட்டச்சிடும் வரியை, ஒதுக்கிய இடம் நிரம்பினாலும் நிறுத்தாமல், எத்தனை எழுத்து வந்தாலும் வாங்கும் ஃபங்ஷன் அது. 1988இல் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. 2011 தரநிலையில் அதை நீக்கியே விட்டார்கள். எத்தனை எழுத்து என்று வரம்பு கேட்கும் எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள்.

நாகப்பட்டினம்: எந்த லேப்டாப் வாங்கலாம்?

சி-க்கு எதுவும் போதும்.

கும்பகோணம், டியூஷன் ஆசிரியர்: ஐ என்ற மாறியின் மதிப்பு 5 என்றால், திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப்பில் "ஐ++, ஐ" என்று கொடுத்தால் 5, 5 வரும். வலமிருந்து இடமாகக் கணக்கிடும் என்று கையேடு சரியாகத்தானே சொல்கிறது?

இல்லை சார். ஐ++ என்பது இப்போதைய மதிப்பைத் தந்துவிட்டு ஐ-யில் ஒன்று கூட்டும். எந்த மதிப்பை முதலில் கணக்கிட வேண்டும் என்று சி சொல்லவே இல்லை. ஒரே அழைப்பில் ஐ-யை மாற்றிக்கொண்டே இன்னொரு இடத்தில் படித்தால், அந்த நிரலுக்கு விடை என்றே ஒன்று கிடையாது.

அதே ஆசிரியர்: ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். தேர்விலும் இதே விடைக்குத்தான் மதிப்பெண்.

டர்போ சி-யில் ஓட்டியிருப்பீர்கள். அது மதிப்புகளை வலமிருந்து இடமாக ஸ்டாக்கில் (நினைவகத்தின் அடுக்கு) தள்ளும். நம் ஊர் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஒரு கம்பைலரின் பழக்கத்தை மொழியின் விதியாக்கிவிட்டோம். ஜிசிசி, கிளாங் என்ற இன்றைய கம்பைலர்களில் ஓட்டிப் பாருங்கள், விடை மாறலாம். மாறாவிட்டாலும் நாளை மாறாது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

மயிலாடுதுறை: சாரை விடுங்கள், மதிப்பெண் போனால் நீங்கள் தருவீர்களா?

தர மாட்டேன். தேர்வில் கேட்டால் கேட்டதை எழுதிவிட்டு வாருங்கள். வேலைக்குப் போன இடத்தில் எழுதாதீர்கள். சார், உங்களிடம் ஒரு வேண்டுகோள்: "டர்போ சி-யில்" என்ற வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அதே ஆசிரியர்: அதைச் சொல்லலாம். வாய்ட் மெயினையும் விட்டுவிடச் சொல்வீர்களோ?

சொல்வேன். நிரல் தொடங்கும் ஃபங்ஷன் மெயின்; வாய்ட் என்றால் அது எந்த மதிப்பும் திருப்பித் தராது, இன்ட் என்றால் முழு எண் தரும். இன்ட் மெயின்தான் தரநிலை. ஜிசிசி-யில் எச்சரிக்கைகளை முழுக்கத் திறந்து வையுங்கள், அதுவே சொல்லும்.

பேராவூரணி: கெட்ஸ் வேலை செய்யவில்லை.

பட்டுக்கோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேதாரண்யம்: கெட்ஸுக்கு வேறு வழி?

மேலே. மேலே!

சீர்காழி: கிளியர் ஸ்கிரீன் ஏன் லினக்ஸில் வரவில்லை?

அது டர்போ சி-யின் சொந்தச் சரக்கு, சி-யில் இல்லை.

தஞ்சாவூர்: பைத்தான் படிக்கலாமா?

தாராளமாக. ஆனால் அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

திருத்துறைப்பூண்டி: இந்தக் கையேட்டை எழுதியவரைக் கிண்டலடித்து மீம் போடலாமா?

வேண்டாம். தமிழில் எழுத முன்வந்தவர் அவர். பக்க எண்ணும் சரியான வரியும் அனுப்புங்கள். வகுத்தலும் கெட்ஸும் நான் அனுப்பிவிட்டேன். "அரேயும் பாயின்டரும் ஒன்றே" என்ற பக்கத்தை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அரே என்பது ஒரே வகை மதிப்புகளின் வரிசை, பாயின்டர் என்பது நினைவக முகவரி. பத்து இன்ட் கொண்ட அரேயை மெயினில் சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று சொல்வது) போட்டால் 40 பைட் வரும். அதையே ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ளே போட்டால், 64 பிட் கணினியில் 8. ஃபங்ஷனுக்குப் போவது முகவரி மட்டும்தான். இரண்டையும் ஓட்டி, விடையோடு சேர்த்து அனுப்பினால் அவர் மறுக்க மாட்டார்.