கோழிகள் இல்லாத போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் நண்பர்களோடு ரோமானியப் பேரரசுக் காலத்துப் படம் ஒன்று பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் நாயகன் நம்மைப் போலவே யோசிக்கிறான், அதனால் ஒட்டிக்கொள்ள முடிந்தது. வெளியே வந்ததும் ஒரு நண்பர், குதிரைகளில் அங்கவடி (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) இருந்ததே, ரோமானியருக்கு அது ஏது என்று ஆரம்பித்தார். இன்னொருவர், பார்வையாளர் எதிர்பார்ப்பதைத்தானே இயக்குநர் கொடுக்க முடியும், வரலாறு வேண்டுமென்றால் புத்தகம் படி என்றார். இரவு முழுக்க வாட்ஸப்பில் சண்டை. அங்கவடி விஷயத்தில் யார் சொல்வது சரி? படம் எடுப்பவர் வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டுமா, பார்வையாளருக்கா? தவறுகள் தெரிந்த பிறகும் படம் பிடிப்பது ரசனைக் குறையா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குறையெல்லாம் இல்லை. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல நண்பர்களிடம் அனுமதி கேட்காதீர்கள்.

உங்கள் நண்பர்களில் முதலாமவர் படம் பார்க்கப் போகவில்லை, விடைத்தாள் திருத்தப் போயிருக்கிறார். டைட்டானிக் படத்தில் கப்பல் மூழ்கும் இரவின் நட்சத்திரங்கள் தப்பாக இருப்பதாக வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் சொல்லிக்கொண்டே இருந்தார். 2012இல் படம் மறுபடி வெளியானபோது ஜேம்ஸ் கேமரூன் அந்த வானத்தை மாற்றினார். நல்லது. பொருள்களில் வரும் பிழை அவ்வளவுதான், ஒருவர் சொன்னால் இன்னொருவர் திருத்திவிடலாம்.

இரண்டாமவர் பேசும் ‘எதிர்பார்ப்பு’ எங்கிருந்து வந்ததாம்? வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறதல்லவா? அவர்கள் அப்படி எதையும் அணிந்து போருக்குப் போனதற்குச் சான்று கிடையாது. 1876இல் ஜெர்மனியின் பேய்ராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்காக கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடைகள்தான் அந்தக் கொம்பை உலகமெல்லாம் பரப்பின. நாடகக்காரர்கள் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு பார்வையாளர் திரும்பக் கேட்கிறார். அதைப் போய் மக்களின் விருப்பம் என்கிறார்கள்.

சரி, இதற்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. கடிதத்தில் ரோமானியர் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோழிகள் ஞாபகம் வந்துவிட்டன.

இருபத்தைந்து வயதில் ஒரு மேடை நாடகம் எழுதினேன். கிமு 249, சிசிலியின் திரெபானா துறைமுகம். ரோமின் எதிரியான கார்த்தேஜ் நாட்டின் கப்பற்படையைத் தாக்கக் கிளம்புகிறான் ரோமானியத் தளபதி புப்லியஸ் கிளாடியஸ் புல்கர். ரோமானியப் படைகளோடு புனிதக் கோழிகளும் போகும். கூண்டைத் திறந்து தீனி போடுவார்கள். ஆவலாகக் கொத்தினால் தேவர்கள் சம்மதித்துவிட்டதாக அர்த்தம். அன்றைக்குக் கோழிகள் தின்னவில்லை. ‘தின்னாவிட்டால் குடிக்கட்டும்’ என்று கிளாடியஸ் அவற்றைக் கடலில் வீசச் சொன்னான். போரில் 93 கப்பல்கள் பறிபோயின. ரோமுக்குத் திரும்பியதும் விசாரணை நடந்து அபராதம் விழுந்தது.

ஒத்திகையில் கூண்டு மேடைக்கு வந்தாலே சிரிப்பு. உள்ளே கோழிகூட இல்லை, வெறும் கூண்டு. “ஜனங்க சிரிச்சிடுவாங்க, அப்புறம் போர்க்காட்சியில ஒருத்தனும் அழ மாட்டான்” என்றார் இயக்கிய நண்பர். இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் நானே பென்சிலை எடுத்து அந்தக் காட்சியை அடித்தேன். அதற்குப் பதிலாகக் கிளாடியஸுக்கு ஒரு வீர வசனம் எழுதிக் கொடுத்தேன். கைதட்டலும் கிடைத்தது.

நாடகம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, நல்லா இருந்தது. ஆனா அந்த ஆளு எதுக்குமே பயப்படலையே. அப்புறம் அவன் பண்ணினதுல தைரியம் எங்கே இருக்கு?”

அவருக்குக் கோழிகளைப் பற்றி எதுவும் தெரியாது. நான் எதை வெட்டினேன் என்பதை மட்டும் சரியாகத் தொட்டுவிட்டார். அந்தக் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களை நினைத்துப் பாருங்கள். தேவர்கள் வேண்டாம் என்று சொன்னதைக் கண்ணால் கண்டவர்கள். கோழிகள் கடலில் விழுந்ததைப் பார்த்துவிட்டு அடிவயிற்றில் கல்லோடு துடுப்பைப் பிடித்தவர்கள். அந்தப் பயம் கப்பல் முழுக்க இருந்தால்தான் கிளாடியஸின் திமிருக்கு எடை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரோமானிய உடை போட்ட நம் பக்கத்து வீட்டுக்காரர்.

இந்தப் போரை விரிவாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதையைச் சொல்லும் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியது கிமு 45இல், இருநூறு ஆண்டு கழித்து. கிளாடியஸ் உண்மையிலேயே அவற்றை வீசினானா என்று உங்கள் அங்கவடி நண்பர் பிடித்துக்கொண்டால் திருதிருவென்றுதான் விழிப்பேன். ஆனால் படையோடு கோழிக்கூண்டு போனது உண்மை. அந்தத் தோல்விக்கு இதுதான் காரணம் என்று ரோமானியர்கள் சொல்லிக்கொண்டதும் உண்மை. எனக்கு அது போதும்.

சான்று பலமான இடமும் இருக்கிறது. கிமு 413 ஆகஸ்ட் 27, சிசிலியின் சிரகூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுப்போன ஏதென்ஸ் படை தப்பிக் கிளம்பும் நேரத்தில் சந்திர கிரகணம். மூன்று ஒன்பது நாட்கள், அதாவது 27 நாட்கள், நகரக் கூடாது என்றார்கள் குறி சொல்பவர்கள். தளபதி நிகியாஸ் கேட்டுக்கொண்டார். அந்தப் படை அழிந்தது, ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். அதே காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இன்னொன்றும் சொல்கிறார், காத்திருக்கச் சொல்லிக் கேட்டவர்களில் பெரும்பாலான வீரர்களும் உண்டு. இதைப் படமாக எடுத்தால் என்ன செய்வார்கள்? இளம் தளபதி ஒருவனை நுழைத்து, ‘இதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று பேசவைப்பார்கள். அரங்கில் இருக்கும் நமக்கு அப்பாடா என்றிருக்கும். நம் ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான் கே. அங்கவடியை வைத்து இரவெல்லாம் சண்டை போட்டிருக்கிறீர்கள். நாயகன் நம்மைப் போலவே யோசிக்கிறான் என்பதைப் போகிற போக்கில், அதுவும் பாராட்டாக எழுதுகிறீர்கள். இரண்டாயிரம் ஆண்டு தள்ளி வாழ்ந்த ஒருவன் எப்படி நம்மைப் போல யோசிப்பான்? அது உங்களுக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லையா? பார்வையாளர் சிரிப்பார் என்று பயந்து வெட்டியவன் நான், எனக்கு அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. சிரிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். முதல் முறை சிரிப்பார்கள். கூண்டு மூன்றாம் முறை வரும்போது சிரித்திருப்பார்களா என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன்.

அங்கவடியைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் நண்பர் சொன்னது சரி. ரோமானியச் சேணத்தில் நான்கு கொம்புகள் இருக்கும், வீரன் அவற்றுக்கு நடுவே இடுக்கி உட்காருவான். அங்கவடி ஐரோப்பாவுக்கு வந்தது பிறகு, ‘ஆவார்’ என்ற நாடோடி இனத்துக் குதிரைவீரர்களோடு. நடிகர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று படப்பிடிப்பில் மாட்டியிருப்பார்கள். பந்தயம் எதுவும் கட்டியிருந்தால் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.