புள்ளியியல் கற்கத் தனி ஆசிரியர்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சில ஆண்டுகள் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிவிட்டு, இப்போது முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியைக் குறைப்பதில் ஒரு மூச்சுப் பயிற்சி உதவுகிறதா என்பது என் ஆய்வு. தரவு சேகரிப்பை இன்னும் தொடங்கவில்லை. புள்ளியியல் வகுப்பில் சூத்திரங்களை எழுதிக்கொள்கிறேன், தேர்விலும் ஒப்பிக்கிறேன். ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்பது விளங்கவில்லை. பள்ளி நாளிலிருந்தே எனக்குக் கணக்கு வராது.

தனி ஆசிரியர் தேடி மூவரிடம் பேசினேன். ஒருவர் பத்து வகுப்புகளுக்கான கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார். ஆய்வேட்டுக்கான பகுப்பாய்வு முழுவதையும் தாமே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நிகழ்தகவுக் கோட்பாட்டை முதலிலிருந்து முறையாகப் படித்தால்தான் எதுவும் நிற்கும் என்கிறார். மூன்றாமவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். அவர் என் ஆய்வைப் பற்றியே கேள்விமேல் கேள்வி கேட்டார். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. கூச்சமாகிவிட்டது. தனி ஆசிரியர் தேவைதானா? இவர்களில் யாரைத் தேர்வது? பாடமே தெரியாத நான், ஓர் ஆசிரியருக்குப் பாடம் உண்மையிலேயே தெரியுமா என்று எப்படிக் கண்டறிவது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலையில் தனி ஆசிரியர் தேவை. கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தனி ஆசிரியரிடம் கற்றவர்களின் சராசரி, வழக்கமான வகுப்பில் கற்றவர்களின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கங்கள் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்திருந்ததாகக் குறிப்பிட்டார். வகுப்பின் நடுவில் நிற்கும் மாணவர் நூற்றுக்கு 98 பேரைத் தாண்டிவிடுவார் என்பது அதன் பொருள். ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அந்தப் பயன் 0.79 திட்ட விலக்கமாகக் குறைந்தது, அதுவும் சிறியதன்று. அதே தொகுப்பில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படும் செய்தி ஒன்று உண்டு. மாணவர் போடும் கணக்கின் ஒவ்வொரு படியையும் பின்தொடர்ந்து, தவறும் இடத்திலேயே திருத்தும் கணினி நிரல்களும் ஏறத்தாழ அதே அளவு பயனை, 0.76-ஐ, தந்திருந்தன. மாணவர் தாமே ஒவ்வொரு படியாகச் செய்வதும், தவறு வேர்விடும் முன்பே திருத்தப்படுவதும்தான் தனிப்பாடத்தின் பெரும்பயன் என்றும், ஆசிரியரின் பேச்சுத்திறனுக்கு அதில் நாம் எண்ணுமளவு பங்கில்லை என்றும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆகவே யாரிடம் சென்றாலும், அந்த ஒரு மணி நேரத்தில் எழுதுகோல் யார் கையில் அதிகம் இருந்தது என்று கவனியுங்கள்.

கணக்கு வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வுக்கு வேண்டிய புள்ளியியலில் கூட்டல், கழித்தல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றைத் தாண்டிய கணக்கு மிகக் குறைவு; அதையும் கணினி செய்துவிடும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ‘பயிற்சியால் எந்தப் பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் நாம் காணும் இந்த வேறுபாடு எத்தனை அரிது?’ என்று, நாம் நம்பாத ஒன்றை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு அதன் விளைவைப் பின்தொடரும் சிந்தனைக்கு மனம் எளிதில் பழகுவதில்லை. கணிதத்தில் தேர்ந்தவர்களே இங்கு இடறுவதுண்டு. நல்ல ஆசிரியர் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை இந்த இடத்தில்தான் செலவிடுவார்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. பாடம் தெரியாதவர் ஆசிரியரை மதிப்பிட முடியும். அதற்கு விடை தெரிந்த ஒன்றிரண்டு கேள்விகளைக் கையில் வைத்திருந்தால் போதும். முதல் சந்திப்பில், “பி-மதிப்பு 0.03 என்று வந்தால் அதற்கு என்ன பொருள்?” என்று கேளுங்கள். பயிற்சி பயனற்றது என்பதற்கான வாய்ப்பு 3 விழுக்காடுதான் என்றோ, பயிற்சி பலனளிப்பதற்கான வாய்ப்பு 97 விழுக்காடு என்றோ பதில் வந்தால் அது தவறு. பயிற்சியால் எந்த வேறுபாடும் இல்லை என்று கொண்டால், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகவே தோன்றுவதற்கான வாய்ப்பு நூற்றில் மூன்று என்பதே சரியான விளக்கம். இந்தக் குழப்பம் ஆய்விதழ்கள் வரை பரவியிருந்ததால், அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டு, ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. பிறருக்குக் கற்பிக்க முன்வருபவர் இதை நழுவவிடக் கூடாது.

சரியான பதில் வந்தாலும் அத்துடன் நிறைவடைந்துவிடாதீர்கள். சரியான வரையறையை மனப்பாடமாகவும் சொல்ல முடியும் என்பதால், “எனக்குப் புரியவில்லை, சூத்திரம் இல்லாமல் காட்ட முடியுமா?” என்று அடுத்து கேளுங்கள். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆசிரியர் வெளிப்படுவார். செய்யக்கூடியவற்றில் ஒன்றை உங்கள் ஆய்வை வைத்தே சொல்கிறேன். ஆறு நோயாளிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். குலுக்கல் முறையில் மூவருக்குப் பயிற்சி தருகிறோம், மூவருக்குத் தரவில்லை. பூச்சியம் முதல் பத்து வரையிலான வலி அளவுகோலில் பயிற்சி பெற்றவர்கள் 2, 3, 4 என்றும், பெறாதவர்கள் 5, 6, 8 என்றும் சொல்கிறார்கள். பயிற்சி பலித்துவிட்டது என்று தோன்றும். இப்போது ஆறு எண்களையும் ஆறு சீட்டுகளில் எழுதுங்கள். பயிற்சியால் ஒன்றுமே நிகழவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் விழுந்திருந்தாலும் இதே எண்ணைத்தான் சொல்லியிருப்பார். ஆறு சீட்டுகளிலிருந்து மூன்றைப் ‘பயிற்சி’ என்று பிரிக்க 20 வழிகள் உள்ளன. அவை அனைத்துக்கும் சமவாய்ப்பு. அவற்றை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிகக் குறைந்த மூன்று எண்களும் பயிற்சிக் குழுவுக்கே போய்ச் சேரும் வழி ஒன்றே ஒன்று. ஆகவே பி-மதிப்பு 20-இல் 1, அதாவது 0.05. பயிற்சி வலியைக் கூட்டியிருக்கவும் கூடும் என்று இரு திசைகளையும் கணக்கில் எடுத்தால் 0.10.

எந்தச் சூத்திரமும் இல்லாமல் பி-மதிப்பின் உட்பொருள் முழுவதும் இந்தச் சீட்டுகளில் வந்துவிடுகிறது. இன்னொன்றும் தானாகவே தெரிகிறது. குழுவுக்கு மூவர் மட்டுமே இருந்தால், பயிற்சி எவ்வளவு அற்புதமாகப் பலித்தாலும் இந்த முறையில், ஆய்வுகளில் வழக்கமாக எல்லையாகக் கொள்ளப்படும் 0.05-க்குக் கீழே போகவே முடியாது. குழுவுக்கு நால்வர் என்றால் 70 வழிகள், மிகக் குறைந்த மதிப்பு ஏறத்தாழ 0.014. எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கேள்வி ஏன் ஆய்வுக்கு முன்பே எழ வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழியை நான் அறியேன். உங்கள் ஆசிரியர் இதே எடுத்துக்காட்டைத்தான் தர வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் கையாலேயே எண்ணிப் பார்க்கத்தக்க ஏதோ ஒன்றை அவரால் அந்த இடத்திலேயே உருவாக்க முடிய வேண்டும். அதே வரையறையைச் சற்று உரக்க மறுபடியும் சொல்பவரிடம் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் என்ன வேறுபாடு என்பதும் கேட்கத்தக்கதே. நோயாளிக்கு நோயாளி வலி எவ்வளவு மாறுபடுகிறது என்பதை முன்னது சொல்கிறது. நாம் கணக்கிட்ட சராசரி, மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஊசலாடும் என்பதைப் பின்னது சொல்கிறது. திட்ட விலக்கம் 2 என்றால், 25 பேரின் சராசரிக்குத் திட்டப் பிழை 0.4, அதைப் பாதியாக்கி 0.2-க்குக் கொண்டுவர 100 பேர் வேண்டும்.

உங்கள் துறைக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது: “வலி மதிப்பெண்களுக்குச் சராசரி எடுக்கலாமா?” இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. 8 என்று சொல்பவரின் வலி 4 என்று சொல்பவரின் வலியைப்போல் இரு மடங்கு என்று கொள்ள இயலாது. வரிசையை மட்டும் பயன்படுத்தும் வில்காக்சன், மான்-விட்னி போன்ற சோதனைகளும் உள்ளன. மாதிரி போதிய அளவு பெரிதாக இருந்தால் சராசரியை வைத்துச் செய்யும் டி-சோதனையையும் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு, ‘எத்தனை பேர்? எப்போது அளந்தீர்கள்? ஒருவரையே பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தீர்களா, இரு வேறு குழுக்களா?’ என்று திருப்பிக் கேட்பவரே விவரமானவர். உடனே ‘டி-சோதனை’ என்று சொல்லி முடிப்பவருக்கு மென்பொருளின் பொத்தான்கள் தெரிந்திருக்கலாம்.

பொத்தான்களை நான் இகழவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றை நீங்கள் பழகத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்பு தரவை வரைபடமாக வரையச் சொல்லும் ஆசிரியரையே நான் நம்புவேன். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, ஒட்டுறவுக் கெழு (இரு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 0.82, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று இயல்பான சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டிலும் விலகி நிற்கும் ஒரே ஒரு புள்ளி முடிவையே மாற்றிவிடுகிறது. கணினி தரும் அட்டவணையை மட்டும் படிக்கக் கற்றவருக்கு இந்த நான்கும் ஒன்றாகவே தெரியும்.

இப்போது நீங்கள் பேசிய மூவர். முதலாமவரைத் தவிர்த்துவிடுங்கள். முன்பணம் கேட்பது அதற்கு முதன்மையான காரணமன்று, அதைப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். பகுப்பாய்வைத் தாமே முடித்துத் தருகிறேன் என்பவர் உங்களுக்குக் கற்பிக்கும் தேவையையே நீக்கிவிடுகிறார். வாய்மொழித் தேர்வில் ‘இந்தச் சோதனையை ஏன் தேர்ந்தீர்கள்?’ என்று கேட்கும்போது அங்கே அமர்ந்திருக்கப்போவது நீங்கள். அதைவிட, நாளை உங்கள் முடிவை நம்பி ஒரு வார்டில் நோயாளிகளுக்குப் பயிற்சி தரப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த அளவு வெளியுதவி அனுமதிக்கப்படும் என்பதை உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் முன்பே கேட்டு, பெற்ற உதவியை ஆய்வேட்டில் குறிப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாமவர் சொல்வது தவறன்று. புள்ளியியலையே தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கு அந்தப் பாதைதான் சரி. ஆனால் உங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வும் அதற்கான காலக்கெடுவும் இருக்கின்றன; நிகழ்தகவுக் கோட்பாட்டை முறையாக முடித்துவிட்டு உங்கள் நோயாளிகளிடம் வந்துசேர்வதற்குள் ஆர்வம் வற்றிவிடும் என்று அஞ்சுகிறேன்.

மூன்றாமவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கூச்சப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். நோயாளிகளை எப்படித் தேர்வீர்கள், யார் எந்தக் குழு என்பதை யார் முடிவுசெய்வார், வலியைக் கேட்டு எழுதுபவருக்கு நோயாளியின் குழு தெரியுமா, வலிநிவாரணி மருந்து இரு குழுவுக்கும் ஒரே அளவில் தரப்படுமா என்றெல்லாம் அவர் கேட்டிருக்கக்கூடும். அந்தக் கேள்விகளே புள்ளியியல். அதில் பாதிக்கு உங்கள் பணி அனுபவத்திலிருந்தே பதில் சொல்லத் தொடங்கலாம், அங்கே அவரைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-இல் ஒரு மாநாட்டு உரையில், சோதனை முடிந்த பின் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குச் சமம், சோதனை எதனால் இறந்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்றார். தரவு சேகரிக்கும் முன்பே நீங்கள் ஆசிரியரைத் தேடுவது எத்தனை நல்ல செயல் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். ஆராய்ச்சி மாணவர் என்பதால் தயங்காதீர்கள். இந்தத் தடுமாற்றங்களை அண்மையில் கடந்துவந்தவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்பது நினைவிருக்கும். அவருக்கும் எட்டாத சிக்கல் வந்தால், பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகளில் ஆய்வு ஆலோசனை தரும் பேராசிரியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒருமுறை செல்லலாம்.

நடைமுறையில் சில. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கட்டணம் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, இரண்டு முறை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, இடையில் தரப்படும் கணக்குகளை அரைகுறையாகவேனும் செய்துகொண்டு போவது நல்லது. மூன்று நான்கு வகுப்புகள் முடிந்ததும், கற்ற ஒன்றை உடன்படிக்கும் தோழியிடம் தாளைப் பார்க்காமல் விளக்கிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அதை ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதன் பிறகும் வகுப்பின் நடை மாறவில்லையென்றால் விலகுவதில் தவறில்லை. தரவு சேகரிக்கத் தொடங்கிய பின், நோயாளிகளின் பெயர், பதிவு எண், பிறந்த நாள் ஆகியவற்றை நீக்கி, குறியீட்டு எண் மட்டும் உள்ள படியையே அவரிடம் காட்டுங்கள். அதற்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும்.

முதல் வகுப்புக்குப் போகும்போது, அவர் அன்று கேட்ட கேள்விகளை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி, தெரிந்தவற்றுக்குப் பதிலும் தெரியாதவற்றுக்கு எதிரே ‘தெரியாது’ என்றும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.

அன்புடன்.