அயர்லாந்தின் எழுதப்படாத கல்லறைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மருமகள் அயர்லாந்துக்காரி. பேரனுக்காக அவள் பக்கத்துக் கொடிவழியைத் தொகுத்து வருகிறேன். அவளுடைய கொள்ளுத்தாத்தா மேயோ கவுன்டியில் ஸ்வின்ஃபர்ட் அருகே சிறு விவசாயி. 1901 மக்கள்தொகைக் கணக்கில் அவர் வயது 57. 1911 கணக்கில் 72! அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. அடக்கப் பதிவேடே கிடையாது என்கிறார் பங்குத்தந்தை. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிவைத்தவர்கள் சாவை மட்டும் விட்டிருப்பார்களா? கல்லறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப.

அன்புள்ள ப.,

பங்குத்தந்தை சொல்வது சரிதான். அயர்லாந்தில் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில், வட பகுதியில் சில நீங்கலாக, அடக்கத்தை எழுதும் வழக்கமே இருக்கவில்லை. பழைய கல்லறைத் தோட்டங்கள் சட்டப்படி ஆங்கிலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. கத்தோலிக்கக் குரு அங்கே நின்று ஜெபிக்கவே 1824 சட்டத்துக்குப் பிறகுதான், அதுவும் அனுமதி பெற்று, வழி பிறந்தது. ஆகவே சாவுச் சடங்கின் மையம் வீடாகிவிட்டது. கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியை மூடி, களிமண் புகைக்குழாயும் புகையிலையும் வைத்து, உடலைத் தனியே விடாமல் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். இதற்கு 'வேக்' என்று பெயர். ஒப்பாரிக்கும் இடமுண்டு. குழி வெட்டுவது அக்கம்பக்கத்தார். எந்த இடம் எந்தக் குடும்பத்துடையது என்பது ஊருக்கே தெரியும். எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

அதனால் குழியை விட்டுவிட்டு, சாவைச் சுற்றி நின்ற ஆட்களைத் தேடுங்கள். அரசு இறப்புப் பதிவு 1864-இல் தொடங்கியது. ஐம்பது ஆண்டு கடந்த பதிவுகளின் படங்கள் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் இலவசம். தேடும்போது வயதை நம்பாதீர்கள். பத்தே ஆண்டில் பதினைந்து வயது கூடியது முதியோர் ஓய்வூதியத்தின் வேலை. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு அது தொடங்கியதும் நாடு முழுக்கப் பலருக்கு வயது கூடிவிட்டது. பத்து வயது முன்பின் வைத்துத் தேடுங்கள். அட்டவணை பதிவு செய்த ஆண்டின்படி அமைந்தது. டிசம்பர் சாவு அடுத்த ஆண்டில் இருக்கலாம். பதிவு மாவட்டத்தின் எல்லையும் கவுன்டி எல்லையும் ஒன்றல்ல, பக்கத்து மாவட்டங்களையும் பாருங்கள். குடும்பப் பெயரை முன்னால் 'ஓ' (O') சேர்த்தும் விட்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதிவில் பெற்றோர் பெயரும் இராது, அடக்கம் செய்த இடமும் இராது. இங்கேதான் பலர் சோர்ந்து விடுகிறார்கள். ஆனால் தகவல் தந்தவரின் பெயர், முகவரி, உறவு, சாவின்போது உடனிருந்தாரா என்பதெல்லாம் அந்தப் பதிவின் ஒரு கட்டத்துக்குள் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் மகனோ, கட்டிக்கொடுத்த மகளோ, அண்டைவீட்டாரோதான். மகளானால் அவளுடைய புகுந்த வீட்டுப் பெயரும் ஊரும் கைக்கு வந்துவிடும்.

பெயரும் வயதும் பொருந்தும் ஆட்கள் இரண்டு மூன்று பேர் வந்தால் நிலத்தின் மதிப்பையும் வைத்திருப்பவர் பெயரையும் எழுதிய திருத்த ஏடுகளைப் பாருங்கள். 'கேன்சல்ட் புக்ஸ்' என்பார்கள். நிலம் கைமாறும்போது பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதுவார்கள். மையின் நிறத்தை வைத்து எந்த ஆண்டு என்று அறியலாம். மகன் பெயர் வந்திருந்தால் தகப்பன் அதற்குச் சில ஆண்டு முன்பே போயிருக்கலாம்.

பத்திரிகையில் சாவுச் செய்தி தேடுவோர் நேரே கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது வீண்வேலை என்பேன். சிறு விவசாயியின் சாவு அன்று செய்தியாவது அரிது. அவருடைய பிள்ளைகளின் சாவைத் தேடுங்கள். பிற்காலத்தில் மாவட்டப் பத்திரிகைகள் 'முதன்மைத் துக்கத்தார்' என்று மருமக்கள், ஒன்றுவிட்ட உறவினர்வரை பட்டியலிட்டன, எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதோடு. உங்களுக்கு மேயோ பத்திரிகையான 'வெஸ்டர்ன் பீப்பிள்' உதவும். மகன் கிடக்கும் இடத்தில்தான் தகப்பனும் இருக்க வாய்ப்பு அதிகம். மனைவியை அங்கேயே எதிர்பார்க்க வேண்டாம். சிலரைப் பிறந்த வீட்டார் கல்லறையிலேயே வைத்தார்கள். கல்வெட்டில் அவள் கன்னிப்பெயர் இருப்பதும் உண்டு.

1937–39-இல் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப்பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்குத் தொகுப்பு டூகஸ் தளத்தில் இருக்கிறது. அதில் பழைய கல்லறைத் தோட்டங்களைப் பற்றிய பக்கங்களும் உண்டு. உங்கள் பங்கின் பள்ளியைத் தேடுங்கள்.

நேரில் போனால் எழுத்தில்லாத வயல்கற்கள் நட்டிருப்பதைக் காண்பீர்கள். அவையும் கல்லறைகள்தான், நகர்த்தக்கூடாது. தேய்ந்த எழுத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள்.

1911 மக்கள்தொகைக் கணக்குப் படிவத்தில் மனைவியின் வரிசையில் பிள்ளைகளைப் பற்றி இரண்டு எண்கள் இருக்கும்: உயிரோடு பிறந்த பிள்ளைகள், அப்போது உயிரோடிருப்பவர்கள். இரண்டும் ஒவ்வாவிட்டால் அந்த வித்தியாசத்தையும் தேடுங்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களை மந்திரிக்காத நிலத்தில் புதைத்தார்கள். 'கில்லீன்' எனப்படும் அந்த இடங்களுக்குப் பதிவேடு கிடையாது. பழைய நில அளவை வரைபடங்களில் 'குழந்தைகள் இடுகாடு' என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பார்கள்.