மூணு ஸ்பூன் கேட்டேன், கை நிறைய அள்ளி வந்தாள்

மகளுக்கு இரண்டரை வயது, இருவரும் வேலைக்குப் போகிறோம், பகலில் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார், போன் காட்டாமல் ஒரு வாய் இறங்குவதில்லை, விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘வாங்கலாம்’தான் என்னை எழுத உட்கார வைத்தது. ஒன்றும் வாங்காதீர்கள். நான் 4,000 ரூபாய் அழுதவன்.

திருப்பூரில் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டில் எனக்கு நைட் ஷிப்ட், மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்கு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். பாப்பாவுக்கு இரண்டு வயதிலிருந்து மூன்றரை வரை பகல் முழுக்க நான்தான். அவள் மதியம் தூங்கும்போதும் சாயங்காலம் அவள் அம்மா வந்த பிறகும் கிடைத்ததுதான் என் தூக்கம். நாங்கள் இருந்தது லைன் வீடு. “பொண்டாட்டி சம்பாதிக்கப் போறா, இவன் பீத்துணி அலசறான்” என்பது குழாயடியிலிருந்து என் காதில் விழும்படியே சொல்லப்படும். சரி, அதை விடுங்கள்.

எல்லோரையும் போல நானும் படம் போட்ட அட்டை, அமுக்கினால் பேசும் புத்தகம், எண் எழுதிய பிளாஸ்டிக் கட்டை எல்லாம் வாங்கினேன். இரண்டரை வயதில் ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று சொல்வாள், சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லவைத்துக் காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். ஒருநாள் சாப்பிட உட்காரும்போது “மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா சாமி” என்றேன். ஏழோ எட்டோ, கைக்குச் சிக்கியதை எல்லாம் அள்ளி வந்து என் முன்னால் கொட்டிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. குழந்தைக்கு ஏதோ குறை என்றே நினைத்துவிட்டேன். குறை ஒன்றும் இல்லை, எல்லாக் குழந்தைகளும் இந்தப் படியைத் தாண்டித்தான் வருகின்றன. எண்களை ஒப்பிப்பது பாட்டு மாதிரி. மூன்று என்றால் எவ்வளவு என்பது தனியாகப் புரிய வேண்டும். முதலில் ஒன்று மட்டும் புரியும், சில மாதம் போய் இரண்டு, அப்புறம் மூன்று. மூன்றரை, நாலு வயது வாக்கில்தான் கணக்கு முழுதாகப் பிடிபடும். குழந்தைகளை ஆராய்கிறவர்களே “இத்தனை எடுத்துக் கொடு” என்று கேட்டுத்தான் இதைச் சோதிக்கிறார்கள். நான் தெரியாத்தனமாக ஸ்பூனை வைத்துச் சோதித்துவிட்டேன்.

அன்றோடு அட்டைகள் பரணுக்குப் போயின. ஒரு பேசினில் தண்ணீர், இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு சொம்பு, டீ வடிகட்டி, இவ்வளவுதான். சொம்பு நிறைய எத்தனை டம்ளர் பிடிக்கும் என்பது எங்கள் பெரிய விளையாட்டு. ஐந்து. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடித்தது போல “அஞ்சு!” என்று கத்துவாள். ஒருநாள் நாலு ஊற்றிவிட்டு நிறுத்தி, எட்டிப் பார்த்து, “இன்னும் ஒண்ணு பத்தல” என்றாள். எனக்கு அது இருபது வரை ஒப்பித்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முடிந்ததும் பேசின், பக்கெட் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், கால் பக்கெட் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை தலைகீழாக விழுந்தால் எழ முடியாது.

மனைவி கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டியதில் மிஞ்சும் துணித் துண்டுகள், ஒரு கவர் நிறைய எடுத்து வருவாள். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவது மணிக்கணக்கில் ஓடும். எங்கள் வாயில் வருகிற பெயர்களே அவளுக்கும் வந்தன, மெரூன், நேவி, ராயல், மெலாஞ்ச். எல்.கே.ஜி. சேர்க்கப் போன பள்ளியில் ஒரு டீச்சர் நீல அட்டையைக் காட்டி என்ன கலர் என்றார். “ராயல்” என்றாள். “புளூ சொல்லணும்மா.” இவள் விடவில்லை, “புளூதான், ஆனா நேவி இல்ல, ராயல்.” டீச்சர் என்னைப் பார்த்து, குழந்தைக்கு அடிப்படைக் கலர் சொல்லிக்கொடுங்கள் சார் என்றார். டையிங்கில் ஷேடு பார்க்கிறவனிடம்! அந்தப் பள்ளியில் சேர்க்கவில்லை. கர்வம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

‘உனக்குப் பகலில் நேரம் இருந்தது, பேசுகிறாய்’ என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நேரம் இருந்தும் நான் பெரிய உத்தமன் இல்லை. மாமியார் ஆசையாகக் கொடுத்த பல்லாங்குழியை நடுவில் வைத்து, 14 குழியிலும் புளியங்கொட்டை போட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். ராத்திரி முழுக்க விழித்தவன், கண் அசந்துவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். எழுந்து பார்த்தால் ஒரு கொட்டை அவள் மூக்குக்குள். நான் விரலை விட்டு நோண்டியதில் இன்னும் உள்ளே போனது, அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். விரல், ஊக்கு, சாமணம் எதுவும் வேண்டாம், நேரே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போங்கள். ஈரத்தில் விதை ஊறிப் பருத்துவிடும், தாமதிக்கக் கூடாது. ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதனால் மூன்று வயது வரைக்கும் கொட்டை, மணி எதுவும் கைக்கு எட்டக் கூடாது, முழு வேர்க்கடலை ஐந்து வயது வரைக்கும் வேண்டாம். மனைவி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, அது தனிக் கதை.

போன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஓடியாடுவது நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடமாவது வேண்டும். மலைக்காதீர்கள், படி ஏறி இறங்குவதும் இதில் சேர்த்தி. சாப்பாட்டுக்குப் போன் காட்டுவதை நான் ஒரேயடியாக நிறுத்தினேன். நாலு நாள் ரகளை, ஐந்தாம் நாள் பசி ஜெயித்தது. உங்கள் குழந்தை எடை குறைவென்றால் டாக்டரைக் கேட்காமல் இப்படிச் செய்யாதீர்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

பாட்டிக்கு டைம்டேபிள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் கோபம் வரும், அப்புறம் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். அவர் கீரை ஆய உட்காரும்போது குழந்தையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளும் அதே விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். சோறு ஊட்டும்போது உள்ளங்கையில் பருப்பு கடைந்து, நண்டூருது நரியூருது என்று அக்குள்வரை விரலை ஓட்டுவது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். சிரித்து அடங்கியதும் அடுத்த தடவைக்காக வாயைத் திறக்கும், அப்போது உருண்டை உள்ளே.

கடைசியாக, கிறுக்க விடுங்கள், ஆனால் வாடகை வீடென்றால் பழைய மாதக் காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கத்தைக் குழந்தையின் உயரத்துக்குச் சுவரில் ஒட்டிவிட்டு அப்புறம் விடுங்கள். லைன் வீட்டைக் காலி செய்தபோது பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் 6,000 பிடித்தார் ஓனர். கிறுக்கியிருந்தது ஒரு சுவர், அதுவும் இரண்டடி உயரம்தான். கேட்டால் மொத்த வீட்டுக்கும் ஒரே ஷேடு வேண்டுமே என்கிறார். ஷேடைப் பற்றி என்னிடம்.