கேசட் கடைக்காரர் பதில்கள்

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஹாலிவுட் நடிகர்களைப் பத்திதான். குன்னூர்ல நான் பதினாலு வருஷம் வீடியோ கேசட் கடை வச்சிருந்தது பலருக்கும் தெரியும், அதனாலயோ என்னவோ இந்த மாதிரி கேள்வி நிறைய வருது, எனக்கும் சந்தோஷம்தான்.

கேள்வி: அண்ணே, ஹாலிவுட் நடிகருங்க எல்லாம் கோடீஸ்வரங்கதானே, அவங்க எதுக்கு 2023ல ஸ்ட்ரைக் பண்ணாங்க?
கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தேயிலை விவசாயி

நீங்க ஃபேக்டரிக்கு பச்சை இலை போடற ஆளு, உங்களுக்கு இது சட்டுனு புரியும். கடையில டீத்தூள் என்ன விலை வித்தாலும் இலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்குதுங்கறதுதானே உங்க கவலை, அங்கயும் அதேதான். போஸ்டர்ல முகம் வர்றவங்க கொஞ்சம் பேரு, மிச்சப் பேரு ஒரு சீன் ரெண்டு சீன் நடிச்சுட்டு அடுத்த வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கறவங்க. நடிச்சது திரும்ப டிவியில ஓடினா நடிகருக்கு ஒரு பங்கு போகும், அதை ரெசிடுவல்னு சொல்வாங்க, வேலை இல்லாத மாசத்துல பலர் வீட்ல அடுப்பு எரியறது அதுலதான். சினிமாவுக்கு அந்தப் பங்கை 1960ல ஸ்ட்ரைக் பண்ணிதான் வாங்கினாங்க, அப்ப சங்கத் தலைவர் பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன ரொனால்ட் ரீகன். எல்லாம் ஓடிடிக்குப் போனதும் அந்தப் பங்கு சுருங்கிடுச்சு, ஏஐ வச்சு நம்ம முகத்தையும் குரலையும் எடுத்துக்குவாங்களோன்னு பயம் வேற, அதான் 118 நாள் நின்னாங்க. சங்கத்து மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும்னா அப்ப வருஷத்துக்கு 26,470 டாலர் நடிச்சு சம்பாதிச்சிருக்கணும், மெம்பருங்கள்ல பெரும்பாலானவங்க அதைத் தொடறதே இல்ல.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் சீரியல்ல ஆறு பேருக்கும் ஒரே சம்பளமா?
கொடைக்கானல், கல்லூரி மாணவி

ஆமாம்மா. யாரையும் தனியா கூப்பிட்டுப் பேச விடாம ஆறு பேரும் சேர்ந்தே பேசினாங்க. கடைசி ரெண்டு சீசன்ல ஒரு எபிசோடுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர்.

கேள்வி: யானைப் பாகனோட பையன் ஒருத்தர் ஹாலிவுட் ஹீரோ ஆனாராமே, நம்ம பக்கத்து ஆளா?
கூடலூர் வாசகர்

கிட்டத்தட்ட நம்ம பக்கம்தான். சாபுன்னு பேரு, 1924ல பொறந்தவர், ஊரு மைசூர் சமஸ்தானத்துல காராப்பூர், நீங்க முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியா மைசூர் போறீங்கல்ல, அந்தக் காட்டோட கபினிப் பக்கம். அப்பா மகாராஜாவோட யானைப் பாகன். படம் எடுக்க வந்த வெள்ளைக்காரங்க கண்ணுல இந்தப் பையன் பட்டான், 1937ல வந்த எலிஃபண்ட் பாய் படத்துல ஹீரோ, அப்படியே லண்டன், அப்புறம் ஹாலிவுட். 1944ல அமெரிக்கக் குடிமகன் ஆகி, போர்ல குண்டுவீச்சு விமானத்தோட வால்பக்கம் துப்பாக்கி பிடிச்சு உட்கார்ந்து, வீரப் பதக்கமும் வாங்கினார். திரும்பி வந்தப்ப பெரிய வாய்ப்பு எதுவும் இல்ல. 1963ல ஹார்ட் அட்டாக், 39 வயசு. அந்தக் கடைசி வருஷங்களை நெனச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறாது.

கேள்வி: கே ஹுய் க்வான் நடுவுல அத்தனை வருஷம் எங்க போனார்?
வெலிங்டன் வாசகி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1984ல வந்த இண்டியானா ஜோன்ஸ் ரெண்டாவது படத்துல தொப்பி போட்ட குட்டிப் பையன் அவர்தான். என் கடையில அந்த கேசட் எத்தனை தடவை வாடகைக்குப் போச்சுன்னு கணக்கே இல்ல. நம்ம ஊரு பனிக்கு டேப்ல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிடும், மூடியைத் திறந்து பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு மெதுவா துடைப்பேன், அந்தப் பையன் சிரிக்கற இடம் வந்தா மட்டும் டிவியில கோடு கோடா ஓடும்.

சைகோன்ல பொறந்து, அகதியா ஹாங்காங் கேம்ப்ல இருந்து, 1979ல அமெரிக்கா போனவர். தம்பியை ஆடிஷனுக்குக் கூட்டிட்டுப் போன இடத்துல இவரைப் பிடிச்சுப் போட்டாங்க. வளர்ந்ததும் ஆசிய முகத்துக்கு வேஷமே இல்ல, சரின்னு சினிமா படிச்சுட்டு, சண்டைக் காட்சி அமைக்கறவங்களுக்கு உதவியா, உதவி இயக்குநரா கேமராவுக்குப் பின்னாடியே இருந்துட்டார். திரும்ப நடிக்க வந்து 2023 மார்ச்ல ஆஸ்கர், மேடையில நின்னு வீட்ல டிவி பாத்துட்டு இருந்த 84 வயசு அம்மாவைக் கூப்பிட்டு அழுதாரு பாருங்க. அதே ராத்திரி அதே மேடையிலதான் நம்ம தெப்பக்காடு பொம்மன், பெள்ளி யானைக்குட்டி வளர்த்த டாகுமெண்டரிக்காக ஊட்டிக்காரர் கார்த்திகி கோன்சால்வ்ஸ் ஆஸ்கர் வாங்கினார். இங்க விடிகாலை, நான் ஸ்வெட்டரோட உட்கார்ந்து ரெண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

கேள்வி: அண்ணா, என் பையன் சென்னையில மூணு சீரியல்ல நடிச்சான், இப்ப சான்ஸ் இல்லாம ஊட்டியில துணிக்கடையில நிக்கறான். டிவியில வந்தவன் துணி மடிக்கறானேன்னு தெருவுல பேசறாங்க, அவன் வெளியவே வரமாட்டேங்கறான்.
ஊட்டி, ஒரு அம்மா

அம்மா, இதைப் பையன்கிட்ட படிச்சுக் காட்டுங்க. ஜெஃப்ரி ஓவன்ஸ்னு ஒருத்தர், யேல் யுனிவர்சிட்டியில படிச்சவர், அமெரிக்கா முழுக்கப் பாத்த காஸ்பி ஷோங்கற டிவி சீரியல்ல மருமகனா வந்தவர். 2018ல நியூஜெர்சியில ஒரு மளிகைச் சூப்பர் மார்க்கெட்ல கேஷியரா இருந்தார், யாரோ போட்டோ எடுத்து மீடியாவுக்குக் கொடுத்து, ஐயோ பாவம் இந்த நிலைமைன்னு நியூஸ் ஓடுச்சு. முதல்ல மனசு ஒடிஞ்சுதான் போனார். ஆனா மத்த நடிகருங்க எல்லாம் நானும் இந்த வேலை பாத்தேன், அந்த வேலை பாத்தேன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சாங்க. இரக்கப்பட்டு யாரும் வேஷம் தர வேண்டாம், ஆடிஷனுக்குக் கூப்பிடுங்க வர்றேன்னார், வந்த 25,000 டாலர் நன்கொடையையும் நலிஞ்ச கலைஞர்களுக்கான நிதிக்கே கொடுத்துட்டார். இண்டியானா ஜோன்ஸ் ஹீரோ ஹாரிசன் ஃபோர்டு ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முன்னாடி பாத்தது தச்சு வேலைதான், பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்களை அதுலதான் காப்பாத்தினார், அந்தப் படம் வந்தப்ப வயசு 34.

நானும் கடையை மூடினப்புறம் ஒரு பேக்கரியில வர்க்கி எடை போட்டேன். பழைய கஸ்டமர் ஒருத்தர் வந்தா தலையைக் குனிஞ்சுக்குவேன், அவரோ கால் கிலோ வாங்க வந்துட்டு அரை மணி நேரம் படத்தைப் பத்திப் பேசுவாரு. ஒரு மாசத்துல குனியறதை விட்டுட்டேன். பையனை வேலைக்குப் போகச் சொல்லுங்க, அடுத்த ஆடிஷன் வந்தா ரெண்டு நாள் லீவு வேணும்னு கடை முதலாளிகிட்ட இப்பவே பேசி வச்சுக்கச் சொல்லுங்க.